ஒரே லைன்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடொன்றின் கூடத்தில், பிற்பகல் இடிமழை ஓய்ந்த சாம்பல் வெளிச்சத்தில், கணினிக் கடைக்காரர் தம்புசாமி மேசைமுன் குனிந்திருக்கிறார். "இடி இடிச்சா போன் வயரப் புடுங்கி வைக்கணும் லா, அக்கா. இப்பப் பாருங்க, ரீசெட் பண்ணதுல மோடம் எல்லாத்தையும் மறந்துட்டு நிக்குது," என்று சொல்லிக்கொண்டே எண்களை ஒவ்வொன்றாகத் தட்டுகிறார். குணபூசணியின் கண் அலமாரி மேலிருக்கும் தொலைபேசியை விட்டு நகரவில்லை. அவள் கணவர் தியாகராசா தீவிரச் சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் கிடக்கிறார்; ஏதாவது என்றால் கூப்பிடுவதாகத் தாதி சொல்லியிருக்கிறாள். மோடம் கீச்சிடுகிறது, இரைகிறது, அடங்குகிறது. அதன் சின்ன விளக்குகள் துடிக்கத் துடிக்க, கிளாஸ்கோவிலிருக்கும் மகனின் கடிதம் திரையில் மெல்ல இறங்குகிறது. டிக்கெட் கிடைத்துவிட்டதாம், வியாழன் காலை வந்துவிடுவானாம், அப்பாவிடம் சொல்லி வைக்க வேண்டுமாம். இன்று செவ்வாய். அவள் உதடுகள் அந்த மூன்று வரிகளையும் சத்தமில்லாமல் மறுபடி மறுபடி வாசிக்கின்றன. "லெட்டர் பாத்தாச்சுல்ல? கட் பண்ணிடுறேன்கா. போனுக்கும் இதுக்கும் ஒரே லைன், இது ஓடுற வரைக்கும் உங்களுக்கு ஒரு போனும் வராது," என்று தம்புசாமி மவுஸை நோக்கிக் கை நீட்டுகிறார். குணபூசணி முந்திக்கொண்டு அதைத் தன் உள்ளங்கையால் மூடுகிறாள். "வேணாம் தம்பி," என்கிறாள். "வியாழன் வரைக்கும் ஓடட்டும்."