பேசாத எட்டாவது

வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் தண்டை ரேஸ் ரகமாக மாற்றிய நாளிலிருந்து அந்தப் பழைய காரின் எஞ்சின் டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. மெக்கானிக் லூர்துசாமி நான்கு நாளில் மூன்று முறை பிரித்து, வால்வைத் தூக்கும் எட்டு லிஃப்டர்களையும் ஆயிலில் ஊறவைத்து மாட்டிவிட்டார். ஏழின் சத்தம் அடங்கவில்லை.

"ஞாயித்துக்கெழம ஊட்டி ராலிங்ண்ணா. இந்தச் சத்தத்தோட எப்படிப் போறது?" என்றார் காரின் சொந்தக்காரர் செங்கோட்டுவேலு.

லூர்துசாமி எஞ்சினை ஓடவிட்டு, நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஒவ்வொரு லிஃப்டருக்கும் மேலே ஊன்றி, பிடியில் காதை வைத்தார். ஏழையும் வாய்க்கு வந்தபடி வைதார். எட்டாவதில், "இது ஒண்ணுதான் சார் தங்கம்" என்றவர், மறுபடியும் அதிலேயே காதை வைத்துக் கேட்டார். பிறகு எஞ்சினை அணைத்து, எட்டாவதைக் கழற்றத் தொடங்கினார்.

"அத ஏனுங்ண்ணா கழட்டறீங்க? அதுதான் சத்தமே போடலையே!"

லூர்துசாமி லிஃப்டரைக் கழற்றிய குழிக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். அந்த லிஃப்டரைத் தூக்க வேண்டிய கேம்ஷாஃப்டின் மேடு, சப்பிப்போட்ட மிட்டாய்போல மழுங்கியிருந்தது. சுற்றிலும் ஆயிலில் இரும்புத்தூள் மினுங்கியது.

"கத்துனதெல்லாம் வேலை பாத்துட்டிருந்திருக்குது சார்" என்றார். "நாலு நாளா அதுகளத்தான் வஞ்சிருக்கேன்."