ஊதா ஏறாத இலைகள்

பாஸ்பேட் என்னும் பயிர்ச்சத்து துளியும் இல்லாத நீரில் நிற்கும் நாற்றுகள் இந்நேரம் ஊதா பாய்ந்து துவண்டிருக்க வேண்டும். சாய்வெயில் விழும் கண்ணாடிக் குடுவைகளில் அவை பச்சைப்பசேலென்று நிற்கின்றன. ஆராய்ச்சிக்காரி ஓர் இலையைத் திருப்பிப் பார்க்கிறாள். யாரோ திருட்டுத்தனமாகத் தீனி போட்டிருக்கிறார்கள். பசித்த வேர், தன் செல்களின் சவ்வில் பாஸ்பேட்டை உள்ளே இழுக்கும் வாசல்களைக் கூட்டிக்கொண்டே போகும் என்பது அவள் கட்சி. அதெல்லாம் கதை என்பான் பக்கத்து மேசைக்காரன். அவன்தான் இப்போது தொட்டியடியில் சீட்டியடித்தபடி குடுவை கழுவுகிறான். அந்தச் சீட்டியே அவளுக்குச் சரியாகப் படவில்லை.

“என் செடிப் பக்கம் போனியா?”

“நான் ஏன்க்கா போறேன்? நீங்க நாத்து வைக்கறதுக்கு முன்னாடி உங்க குடுவையெல்லாம் கழுவித்தான் வெச்சேன். வேலை மிச்சமாகட்டுமேன்னு.”

“எதுல கழுவின?”

நுரைக்கையால் சோப்புத்தூள் டப்பாவைக் காட்டுகிறான். பாஸ்பேட் கலந்தது என்று அதன் முதுகில் பொடி எழுத்து. அவளுக்குக் குப்பென்று கோபம் ஏறுகிறது. பிடித்துவிட்டாள்.

“இத இங்க கொண்டுவந்தது யாரு?”

“நீங்கதான். காபி டம்ளர் கழுவ.”

குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவள் கட்சி சொன்னபடியே, பட்டினி கிடந்த வேர்கள் வாசல்களையெல்லாம் திறந்து, குடுவையில் ஒட்டியிருந்த அவளுடைய சோப்பை மிச்சமில்லாமல் வழித்திருக்கின்றன.