முன் சக்கரத்தில் ஒரு சத்தம்

செம்பனைத் தோட்டத்து மண்சாலையில், உயரம் ஏற்றிய பிக்கப் வண்டியின் அடியில் ஹேமநாதன் மல்லாந்து கிடக்கிறான். போன வெள்ளத்தில் இந்தச் சாலை மூழ்கி மனைவி பிரேமலாவின் டயாலிசிஸ் தவறிப்போனது. இனி ஒருநாளும் தவறக்கூடாது என்றுதான் வண்டியை உயர்த்தினான். பட்டறைக்காரர் போதும் என்ற பிறகும், இன்னும் கொஞ்சம் என்று கேட்டு ஏற்றிக்கொண்டான். அதில் முன் அச்சு சாய்ந்துவிட்டது. சாய்ந்தபடியே சுழன்று சுழன்று அச்சைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸெல்லாம் சக்கரத்தின் உட்புறம் தெறித்துக் கிடக்கிறது. உள்ளே விரலை விட்டால் நறநறவென்று மணல். பழைய மோட்டார் சைக்கிள் டியூபைக் கிழித்து கிழிந்த உறையின்மேல் இறுக்கிச் சுற்றுகிறான். ஓலைகளிலிருந்து மழைநீர் சொட்டுகிறது. மேலே இருக்கையில் பிரேமலா வீங்கிய கால்களை நீட்டியபடி வாயால் மூச்சை இழுக்கிறாள். இன்றும் டயாலிசிஸுக்குத்தான் போகவேண்டும்.

"தாங்குமாங்க?"

"தாங்கும்லா. நீ பேசாம இரு."

இந்தச் சேற்றில் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் வண்டி நகரும். ஏறி உட்கார்ந்து கிளப்புகிறான். நகர்கிறது. சாலை நேராக இருக்கும்வரை சத்தமே இல்லை. அவனுக்கு அழுகை வந்துவிடும் போலிருக்கிறது. எதிரே மண்சாலை வளைந்து, மேடேறித் தார்ச்சாலையைத் தொடுகிறது. ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்புகிறான். முன் சக்கரத்து மூட்டுக்குள் டக். இன்னும் கொஞ்சம். டக், டக், டக். பற்களைக் கடித்துக்கொண்டு மேட்டைப் பார்க்கிறான்.

பிரேமலா கைநீட்டி ரேடியோவைச் சத்தமாக வைக்கிறாள்.