நாற்பது பவுண்டு

கடைக்காரர் மேசைமேல் மூன்று தராசுகளை வரிசையாக வைத்தார்.

ஒன்று, வில்லின் இழுவை பார்க்கவென்றே செய்தது. அதில் தொங்கிய விலைச்சீட்டைப் படித்ததும் நீட்டிய கையை எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது, முள் வைத்த ஸ்பிரிங் தராசு. இருப்பதிலேயே மலிவு அதுதான். ஆனால் நான் கொண்டுபோயிருந்தது சக்கரம் வைத்த வில். பாதி தூரம்வரை நம்மோடு மல்லுக்கட்டும், அப்புறம் சக்கரம் உருண்டு சட்டென்று லேசாகிவிடும். மல்லுக்கட்டுகிற இடத்தில் முள் எங்கே நின்றது என்று பார்ப்பதற்குள் அது கீழே இறங்கிவிடும்.

மூன்றாவது, மீன் நிறுக்கிற கொக்கித் தராசு. எண்ணில் காட்டுவது. அட்டைப் பெட்டியில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். தொட்ட உச்ச எடையை அழியாமல் நிறுத்திக் காட்டுமாம். கிலோவிலும் காட்டும், பவுண்டிலும் காட்டும். விலையும் கைக்கு அடக்கம்.

எனக்கு ஓர் எண் வேண்டியிருந்தது. கிடங்கு மேஸ்திரிக்குக் காட்ட.

கிடங்கில் அடுக்கு சரிந்து, ஒரு மூட்டை என் வலது தோளில் விழுந்து ஐந்து மாதமாகிறது. உள்ளே தசைநார் கிழிந்துவிட்டது. வலு வருமுன் மூட்டையைத் தொட்டால் மறுபடி கிழியும், அப்புறம் சட்டை போடக்கூடக் கை மேலே போகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எதையாவது மெல்ல இழுத்துப் பழகுங்கள் என்றார்.

மகள் வில் பழகுகிறவள். அவளுடைய சங்கத்தில் ஓரங்கட்டி வைத்திருந்த பழைய வில் ஒன்றை எனக்காகக் கேட்டு வாங்கி வந்தாள். இழுவை நாற்பது பவுண்டு என்று அதில் பட்டை ஒட்டியிருந்தது.

முதல் ஞாயிறு, நாண் நாலு விரற்கடைகூட அசையவில்லை. வில்லை வைத்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அவள் பார்த்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு ஒரு சாண் வந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். இன்று எட்டாவது ஞாயிறு. காலையில் நாண் என் கன்னத்தைத் தொட்டது.

"நாப்பதுப்பா! எங்க சங்கத்துல பாதிப் பேரு இதை இழுக்கத் தலைகீழா நிப்பாங்க."

கைதட்டிவிட்டு அவள் பயிற்சிக்குக் கிளம்பினாள். அவள் தெருமுனை திரும்புவதற்குள் நான் மேஸ்திரிக்குப் போன் போட்டேன். நாளைக்கே வருகிறேன் என்றேன். கிடங்கில் எனக்கு யானை என்று பட்டப்பெயர்.

"யானை, உன் வாய்க்கு எப்பவுமே வலு குறைஞ்சதில்ல. கைக்கு வந்துச்சா? அதைச் சொல்லு. வேற ஆளு வாசல்லயே நிக்கிறான்."

இதோ, எண்ணோடு வருகிறேன் என்றுதான் கடைக்குப் போனேன்.

கொக்கியை நாணில் மாட்டி, தராசைப் பவுண்டில் வைத்து, கடையிலேயே நின்று இழுத்தேன்.

இருபத்துமூன்று.

இன்னொரு தரம் இழுத்தேன். இருபத்துமூன்று.

தராசு கோளாறு என்றேன். ஆளைப் பார்த்து மட்டமான சரக்கைத் தள்ளிவிடுகிறீர்கள் என்றும் சொன்னேன். குரல் ஏறிவிட்டது.

அவர் பத்துக் கிலோ எடைக்கல்லைக் கொக்கியில் மாட்டினார். தராசு பத்துக் கிலோ என்றது.

"மீன் வாங்குறவங்க திட்டியிருக்காங்க, விக்கிறவங்க திட்டியிருக்காங்க. வில்லுக்காகத் திட்டு வாங்குறது இதாண்ணே மொதத் தடவை."

சிரித்துக்கொண்டே வில்லை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மேலும் கீழும் இருந்த திருகாணிகளை விரலால் தடவினார்.

"தளர்த்தியிருக்காங்க. இதைத் தளர்த்தினா இழுவை குறையும். மரையைப் பாருங்க, புதுசா வெளிய வந்து மின்னுது. ரெண்டு பக்கமும் அளவு பார்த்து, சமமா. தெரிஞ்ச கைதான் செஞ்சிருக்கு."

தராசுக்குக் காசைக் கொடுத்துவிட்டு, வழியெல்லாம் சங்கத்துக்காரர்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஒன்றுக்கும் உதவாத வில்லைத் தளர்த்தி, மேலே நாற்பது என்று ஒட்டி, என் பெண்ணின் தலையில் கட்டியிருக்கிறார்கள். அப்பாவுக்கென்று ஆசையாக வந்து கேட்டவளை ஏமாற்ற எப்படி மனம் வந்தது? இந்தக் கையோடு நாளை கிடங்குக்குப் போக முடியாது என்பதுகூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை. அவள் முகம்தான் கண்முன் நின்றது.

மகள் பயிற்சி முடிந்து வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து அம்புகளுக்கு இறகு ஒட்டிக்கொண்டிருந்தாள். என் கையில் இருந்த தராசுப் பெட்டியைப் பார்த்து நிமிர்ந்தாள்.

இவளுக்குத் தெரிய வேண்டாம் என்று முடிவு செய்தேன். தெரிந்தால் உடைந்துபோவாள்.

"நிறுத்துப் பாத்துட்டேம்மா," என்றேன். "சரியா நாப்பது."

"அது எப்படிப்பா வரும்?"

கேட்டுவிட்ட பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விரலில் இருந்த பசை அவள் உதட்டில் ஒட்டியது. துடைக்கவில்லை.

தராசுப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, திருகாணியை வாரத்துக்கு எத்தனை சுற்று தளர்த்தினாய் என்று மட்டும் கேட்டேன்.

"ஒண்ணு," என்றாள்.

போனை எடுத்து, அம்புகளை ஒதுக்கி, அவள் முன்னால் வைத்தேன்.

"நாளைக்கு மூட்டை தூக்க வர்றேன்னு மேஸ்திரிகிட்டச் சொல்லிட்டேன். வரலன்னு நீயே சொல்லு."