இரண்டாவது கிண்ணம்

கல்லீரல் வைரஸுக்கு மருந்து தேடும் பெனிட்டா, நோயாளி சூசைராஜுக்கு இரண்டு கிண்ணங்களைக் காட்டினாள். அவர் ஈரலிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் இரண்டிலும் உயிரோடிருந்தன. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"இதுல மருந்து விட்டிருக்கோம். அதுல வெறும் உப்புத்தண்ணி."

"அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார்.

"ஒண்ணுக்குக் குடுக்காம இருந்தாத்தான் மருந்து வேலை செய்யுதான்னு தெரியும், சார்."

சூசைராஜ் சட்டைப்பையிலிருந்து, அவள் குழு சோதனைக்காகத் தரும் மாத்திரையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"அப்ப நான் எந்தக் கிண்ணத்துல இருக்கேன்மா?"

சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்பது கொடுக்கிறவளுக்கும் தெரியக்கூடாது. பெனிட்டாவும் குனிந்து அந்த மாத்திரையை உற்றுப் பார்த்தாள்.