புதுவரவு அடுக்கில் ஒரு நாற்றம்

நவம்பர் 6, வியாழன். இன்றைய தவறு: அடுக்கில் வைக்கும் முன் நான்கு புத்தகங்களை முகர்ந்து பார்க்கவில்லை.

வேலைக் குறிப்பேட்டில் இப்படி எழுதிவிட்டு, சுல்கி நான்காவது புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோனாள். குடல் வாய்க்கு வந்தது. பக்கத்துக்குப் பக்கம் ஊறிப்போன, புளித்த, பழைய வாடை.

மோக்போ துறைமுகத்தை ஒட்டிய அந்தச் சிறிய நூலகத்தில், பெரியவர்களுக்கான புதுவரவு அடுக்கு வாசலிலேயே இருந்தது. கதை, கவிதை கிடையாது. மருத்துவம், சட்டம், வானியல், தேனீ வளர்ப்பு. காலையில் ஒரு கர்ப்பிணிப் பெண் மூளையைப் பற்றிய புத்தகத்தைத் திறந்தவள், வாயைப் பொத்திக்கொண்டு கழிப்பறைக்கு ஓடியிருந்தாள்.

சுல்கி ஒப்பந்த ஊழியை. நூலகப் பயிற்சியை மாலை வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே சொல்லித் தந்தபடி கட்டம் போட்டாள்: எந்த நூல், யார் எடுத்தார், எப்படித் திரும்பியது.

நான்குக்கும் ஒரே பெயர்தான் வந்தது. ஓக்-பூன். சந்தையில் திருக்கை மீனை வாரக்கணக்கில் பானையில் புளிக்கவைத்து விற்பவள். அவள் வருவதற்கு முன் அவள் கடை வாசனை வந்துவிடும். திருப்பித் தரும் புத்தகங்களை வாசலில் உள்ள கிருமி நீக்கும் பெட்டியில் நிறுத்தி, காற்றும் நீல விளக்கும் ஓடி முடிந்த பிறகே மேசையில் வைப்பாள். சுல்கி அதையும் கட்டத்தில் எழுதினாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் நூலகத் தலைவர் குவாக், மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு. "மூணு மாசத்துக்கு அவ அட்டைய முடக்கு."

"சார், அவங்க கேட்டிருந்த புத்தகம் இன்னைக்குத்தான் வந்திருக்கு. அட்டைய முடக்கினா வரிசையில அடுத்தவங்களுக்குப் போயிடும்."

"போகட்டுமே. மீன்காரிக்கு ஆராய்ச்சி எதுக்கு? நாத்தத்த ஊருக்கே பங்கு போட்டுக் குடுக்கவா?" காலணி நாடாவை இறுக்கிக்கொண்டு வழக்கமான மதிய நடைக்கு யூதால் மலைப் பக்கம் கிளம்பிவிட்டார்.

ஒன்றரை மணிக்கு ஓக்-பூன் ரப்பர் பூட்ஸோடு வந்தாள். வாசல் பெட்டி வெகுநேரம் ஓடியது. பிறகு மூன்று புத்தகங்களை மேசையில் வைத்தாள்.

"பொண்ணே, என் புத்தகம் வந்துடுச்சுன்னு போன்ல செய்தி வந்துச்சு. கடைய அப்படியே போட்டுட்டு ஓடியாந்தேன்."

மீனுக்கு வலிக்குமா என்று ஆராய்ந்து எழுதிய நூல் அது. அவள் விண்ணப்பம் போட்டு, ஆறு வாரம் காத்திருந்து வரவழைத்தது. சுல்கி அதை எடுக்காமல், நாறிய நூலொன்றை நீட்டினாள்.

"பெரியம்மா, இத மோந்து பாருங்க."

"சீ! என்ன கண்றாவி இது? எவன் வயித்துலேர்ந்து வந்துச்சு?"

"உங்க கையிலேர்ந்துதான்."

"அடி இவளே! இதுவா என் திருக்கை? என் சரக்கு மூக்குல ஏறி மண்டையில அடிக்கும். கண்ணுல தண்ணியா கொட்டும். உனக்குக் கொட்டுச்சா, சொல்லு!"

கொட்டவில்லைதான். வாந்திதான் வந்தது. சுல்கி தயங்கினாள். ஒருவேளை கட்டத்தைத் தப்பாகப் போட்டுவிட்டோமோ? ஆனால் அதில் வேறு பெயர் இல்லை. அவளுடைய ஒப்பந்தமோ அடுத்த மாதம் முடிகிறது.

"கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் தொடுவேன். நாலு பேர் படிக்கறதாச்சேன்னு பெட்டியில வச்சுத்தான் குடுப்பேன். இன்னைக்கு ஒண்ணுக்கு ரெண்டு தரம் ஓட்டியிருக்கேன்."

"மூணு மாசத்துக்கு உங்க அட்டைய நிறுத்தச் சொல்லியிருக்காங்க."

ஓக்-பூன் மேசைக்குப் பின்னால் இருந்த புதுப் புத்தகத்தை ஒருமுறை பார்த்தாள்.

"முப்பது வருஷமா அறுக்கறேன். அதுக்கு வலிக்குதா, இல்லையா? அவ்வளவுதான் தெரியணும். அடுத்துப் படிக்கறவங்ககிட்ட கேட்டு வை. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. முழுசாகூட வேணாம்."

பூட்ஸ் தடதடக்கப் போய்விட்டாள்.

அவள் வைத்துவிட்டுப் போன மூன்றையும் சுல்கி முகர்ந்தாள். முந்தைய நான்கைவிட மோசம். இருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் அருவருப்பில் கரைந்துபோனது. கணினியில் அட்டையை முடக்கினாள். மீன் நூலை வரிசையில் அடுத்தவர் பெயருக்கு மாற்றினாள். விரல்நுனியில் ஒட்டியிருந்த வாடை மூன்று தடவை கழுவியும் போகவில்லை.

அவள் கை கழுவிவிட்டுத் திரும்பி வந்தபோது குவாக் வெறுங்காலில் செருப்பை இழுத்துக்கொண்டு மேசை அருகே நின்றிருந்தார். மலையேறிய வியர்வை இன்னும் காயவில்லை.

"முடக்கிட்டியா?"

"முடக்கிட்டேன், சார்."

"நல்லது. நான் மலையிலேர்ந்து வந்தப்போ அவ அந்தப் பெட்டிய விட்டு நகரவே இல்ல, காத்துக் காத்துப் பாத்து உள்ள போயிட்டேன். நாளைக்கு மழை வேறயாம். காலையில மொத வேலையா பெட்டிய காலியா வச்சிரு, எப்பவும்போல அதுல என் சாக்ஸு ரெண்டு ஜோடி காயணும்."