பதினாலு வரி டேபிள்

"பதினாலே பதினாலு வரி இருக்கிற டேபிள்மா! அதைப் போயி நிமிஷத்துக்கு நூறு வாட்டி கேட்டுக்கினு இருக்கு உன் ஃபங்ஷன். சர்வர் தாங்குமா?"

கம்ப்யூட்டர் பிரிவு மேலதிகாரி திருமுருகன் திண்டிவனத்தில் பஸ் பிடித்து விழுப்புரம் போலீஸ் அலுவலகத்துக்கு வந்ததே இதைக் கேட்கத்தான். காந்திமதி தலை குனிந்து நின்றாள். டைப் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்து, தானாகவே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டவள். இவ்வளவு கெட்டிக்காரி இப்படிச் செய்கிறாளே என்பதுதான் அவருக்கு எரிச்சல்.

சுற்று வட்டாரப் பிணவறைகளில் கிடக்கும் அடையாளம் தெரியாத உடல்களின் விவரம் அந்த டேபிளில் இருந்தது. காணாமல் போனவர்களின் அங்க அடையாளத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் ஃபங்ஷன் என்ற அந்தச் சின்னப் புரோகிராமின் வேலை.

"ரெண்டு வாட்டி திருத்திக் குடுத்தேன். ரெண்டு வாட்டியும் பழசையே திரும்பப் போட்டிருக்க. ஏன்?"

"அது... சரியா வரலைங்க சார்."

"என்னா சரியா வரல? புதுசா ஒரு உடல் பதிவானா ஒரே ஒரு வாட்டி பாக்கும். பொருந்தினா மெசேஜ் வரும். பொருந்தலன்னா சும்மா கிடக்கும். வேற என்னா வேணும்?"

அவள் திரையையே பார்த்தாள்.

"இங்க பாரும்மா, மேலிடத்துல ஒரே பேஜாரு. இன்னொரு வாட்டி மாத்தினா உன் வேலை போயிடும். என்னால காப்பாத்த முடியாது."

பழைய ஃபங்ஷனைத் தானே அழித்துவிடலாம் என்று அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். யார் யாரைத் தேடியிருக்கிறார்கள் என்று ஒரு முறை பார்த்துவிட நினைத்து அதன் தேடல் பதிவைத் திறந்தார். காலையிலிருந்து முப்பதாயிரம் தேடல். அத்தனையும் ஒரே ஆளைப் பற்றியது. ஆண். வயது பத்தொன்பது. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. ஊர் கிளியனூர்.

"யாரும்மா இது?"

"என் பையன் சார். இனியவன். வீட்ட வுட்டுப் போயி மூணு மாசம் ஆவுது."

இவ்வளவு நேரம் கத்தியதை நினைத்துத் திருமுருகனுக்கு வெட்கமாக இருந்தது.

"மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா? நீ கவலைப்படாத. என் ஃபங்ஷன்லயும் கண்டுபிடிச்ச அடுத்த நொடியே உனக்குத் தகவல் வந்துடும்."

"கண்டுபிடிக்கணும்னு யாரு சார் அழுதா?" காந்திமதியின் குரல் உடைந்தது. "உங்களுது வாயத் தொறக்காமக் கிடக்குது. என்னுது நிமிஷத்துக்கு நூறு வாட்டி, ‘இந்தப் பொணங்கள்ல உன் புள்ள இல்ல’ன்னு எனக்குச் சொல்லிக்கினே இருக்கும் சார்."